வெண்திரையும் கருந்திரையும்



எழுத்தென்பது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையால் பிறப்பது. வெள்ளைத் தாளின்மேல் வெள்ளை மையால் ஒரு காவியமே எழுதினாலும், எழுதியவனுக்குத்தான் அது காவியம். படிக்க வந்தவனுக்கு வெறுந்தாள். ஆகையால் எழுதத் தொடங்கிய நாள் முதலே மனிதன் ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டியிருந்தது. வெண்மையின்மேல் கருமையை இடுவதா, கருமையின்மேல் வெண்மையை இடுவதா என்பதே அவ்வினா. இன்று அதே வினா உங்கள் கையிலுள்ள கைபேசிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், ஒளிமிக்க தோற்றம் வேண்டுமா, இருண்ட தோற்றம் வேண்டுமா என்று அது உங்களைக் கேட்கிறது. இளைஞர்கள் இவற்றை 'லைட் மோடு' என்றும் 'டார்க் மோடு' என்றும் வழங்குகிறார்கள். பேச்சுக்கு எளிதாகும் பொருட்டு நான் வெண்திரை என்றும் கருந்திரை என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதைப் பேச ஒருவர் வானொலி நிலையம்வரை வரவேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். உடைக்கு நிறம் தேர்வது போன்ற காரியமாக இருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன். ஆனால் தமிழ் எழுத்தின் தலைமேல் நிற்கும் ஒரு சிறு புள்ளி, படிப்பவர் கண்ணுக்குத் தெரிகிறதா, மறைகிறதா என்பது இந்தத் தேர்விலே அடங்கியிருக்கிறது. உங்களுள் சிலர் நாளைக்குச் செயலிகளை ஆக்கப் போகிறவர்கள். அவர்களை மனத்திற் கொண்டே பேசுகிறேன்.

எனக்கு ஊர் காட்டேரிக்குப்பம். புதுச்சேரி நகருக்கு மேற்கே, கரும்பும் நெல்லும் விளையும் பகுதியில் உள்ள சிற்றூர். ஊரின் பெயரைக் கேட்டவுடனே நள்ளிரவையும் நாய் குரைப்பதையும் நினைத்துக்கொள்ளும் நகரத்து நண்பர்கள் எனக்குண்டு. இருளைப் பற்றிப் பேசுவதற்கு இவரைவிடத் தகுதியுடையார் யார் என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். என் தகுதி அதுவன்று. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரும்பலகையின் முன்னே நின்று கழித்தவன் நான். கரும்பலகையைவிடச் சிறந்த கருந்திரை எது?

முதலில், கைபேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வினாவுக்கு நம்மைச் சுற்றி இருப்பவர்கள் என்ன விடை கண்டார்கள் என்று பார்ப்போம். புதுச்சேரி நகரத்தின் பழைய தெருக்களில் நடந்து செல்லுங்கள். தெருமுனையில் நீல நிறத் தகட்டின்மேல் வெள்ளை எழுத்தால் தெருவின் பெயர் பிரெஞ்சு மொழியிலும் தமிழிலும் இருக்கும். இனி, 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விழுப்புரம் - புதுச்சேரி இருப்புப்பாதையில் உள்ள வில்லியனூர் நிலையத்துக்கு வாருங்கள். அங்கே மஞ்சள் பலகையின்மேல் கரிய எழுத்து. நெடுஞ்சாலைக்கு வந்தால் பச்சைப் பலகையின்மேல் வெள்ளை எழுத்து. மூன்றும் ஊரையோ தெருவையோ குறிக்கும் பெயர்ப் பலகைகளே. ஆயினும் மூன்று விடைகள். நெடுஞ்சாலைப் பலகையின் வெள்ளை எழுத்து, தன்மேல் விழும் விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் ஒருவகைத் தகட்டால் ஆனது. இரவிலே வண்டியின் முகவிளக்கு படும்போது எழுத்து சுடர்விட்டு நிற்க, பலகை அடங்கிப் பின்னால் ஒதுங்கும். எழுத்தையும் பின்புலத்தையும் அமைத்தவன், அதனை எந்த நேரத்தில், எந்த ஒளியில், எவர் படிப்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறான்.

நம் பள்ளிக்கூடங்களில் முன்பு இன்னொரு காட்சி இருந்தது. பலகை வெளிறிப்போனால் மாணவர்கள் கோவையிலையையோ ஊமத்தை இலையையோ அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். காய்ந்தபின் பலகை புதுக்கருமையோடு விளங்கும். இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். ஏறத்தாழ இதே கலவையைத்தான் நம் முன்னோர் பனையோலையிலும் தடவினார்கள். எழுத்தாணியால் கீறிய ஓலையைப் பார்த்தால் கீறல் தெரியுமேயன்றி எழுத்துத் துலங்காது. இலைச்சாற்றோடு விளக்குக்கரியைக் கலந்து பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் தங்கிவிடும். மேற்பரப்பு வெளிறியே இருக்கும். அப்போதுதான் எழுத்து கண்திறக்கும். ஓலையில் அந்தக் கரி எழுத்தாயிற்று. பலகையில் அதே கரி பின்புலமாயிற்று. அடுப்பங்கரையில் கிடந்த ஒரு பொருளைக்கொண்டு வெண்திரை, கருந்திரை இரண்டையும் செய்துகொண்டது நம் நாட்டுக் கல்வி.

ஓலையைப் பற்றிச் சொல்லும்போது ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். ஓலையில் எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியின் கூர்முனையை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை துளைபடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 'பல்' என்று எழுதியிருக்கிறதா, 'பல' என்று எழுதியிருக்கிறதா என்பதை இடம் நோக்கித்தான் துணிய வேண்டும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேற்றுமை இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பெருமக்கள், ஓர் அடியின் பொருளைத் துணிவதற்கு எத்தனை ஏடுகளை ஒப்புநோக்கினார்கள் என்பதைத் தமிழ் பயிலும் நீங்கள் அறிவீர்கள். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் நிலையத்திலும் உள்ள சைவச் சுவடிகள், ஓலையும் தாளுமாக ஏறத்தாழ 11,000. யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை 2005ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வாய்ப்புக் கிடைத்தால் அத்தகைய ஏடொன்றைக் கண்ணால் பாருங்கள். எழுதும் பொருளின் இயல்பு எழுத்தின் வடிவத்தில் எவ்வாறு கை வைக்கிறது என்பது விளங்கும். அச்சு வந்தபின் புள்ளி தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. பெற்ற புள்ளியைக் கைபேசித் திரையிலே மீண்டும் தொலைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தாளும் ஓலையும் பலகையும் பிறிதோர் ஒளியால் விளங்குபவை. திரையோ தானே ஒளிவிடுவது. முதற் கணினித் திரைகளில் பல கருமையானவை; அவற்றின்மேல் பச்சையாகவோ வெண்மையாகவோ எழுத்துகள் மின்னின. அந்தக் குழாய்த் திரை முழுவதையும் வெண்மையாக்கினால் மினுக்கல் மிகுந்து கண்ணை உறுத்தியது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிராக்ஸ் நிறுவனத்தார் ஆல்ட்டோ என்ற கணினியை ஆக்கியபோது, திரை ஒரு தாளின் பக்கம்போலவே இருக்க வேண்டும் என்று கருதி, வெண்மையின்மேல் கரிய எழுத்தை அமைத்தார்கள். 1984ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் அவ்வழியிலே சென்றது; உலகமும் அதன்பின் சென்றது. பின்னர்ச் சக்கரம் மறுபடியும் சுழன்றது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஆண்டிராய்டு 10, ஐ.ஓ.எஸ். 13 ஆகிய இரண்டும், கைபேசி முழுவதையுமே ஒரே தொடுகையில் கருந்திரையாக்கும் வசதியைத் தந்தன. நீங்கள் காணும் வழக்கம் பெரும்பாலும் அதற்குப் பின் பரவியது.

இனி கண்ணுக்கு வருவோம். கண்ணின் நடுவே உள்ள பாவை, ஒளி மிகும்போது சுருங்குகிறது. ஒளி குறையும்போது விரிகிறது. சுருங்கிய பாவையின் வழியே வரும் உருவம் கூர்மையாக விழும். இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, கண்ணருகே வைத்துக்கொண்டு, சற்றே மங்கலாகத் தெரியும் எழுத்தைப் பாருங்கள், மங்கல் குறையும். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் வேற்றுமை நன்றாகப் புலப்படும். இந்தத் துளை வழியே ஞாயிற்றை நோக்குதல் கூடாது. ஆசிரியனாக இருந்தவன் இதைச் சொல்லாமல் விட முடியாது. வெண்திரை பாவையைச் சுருக்குகிறது. கருந்திரை அதனை விரியவிடுகிறது. விரிந்தபோது கண்ணின் சிறு குறைகளும் பெரிதாகத் தெரிகின்றன. விழியின் வளைவு ஒழுங்காக இல்லாதவர்களுக்குக் கருமையின்மேல் உள்ள வெள்ளெழுத்தைச் சுற்றி ஒரு கசிவு படர்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

மற்றொரு சோதனை. கருப்புத் தாளில் ஒரு வெள்ளைச் சதுரமும், வெள்ளைத் தாளில் அதே அளவுள்ள ஒரு கருப்புச் சதுரமும் ஒட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, சில அடி விலகி நின்று நோக்குங்கள். வெள்ளைச் சதுரம் பெரிதாகத் தெரியும். ஒளியுடைய பொருள் தன் எல்லையை மீறிப் பரவுவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவதைக் கலிலியோ விண்மீன்களையும் கோள்களையும் நோக்கியபோதே கண்டு கூறினார். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

இதனால் நம் எழுத்துக்கு என்ன நேரும் என்று பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் புள்ளி பெறுவன இரண்டே. தமிழிலோ ஒரு வரியில் பத்துப் புள்ளி இருக்கும். ஒவ்வொன்றும் பொருளைத் தாங்கி நிற்கும். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு வளைவுதான். கருந்திரையில் வெள்ளெழுத்துத் தடித்துத் தோன்றும்போது, சுழிக்குள் இருக்கும் கருமை நிரம்பிப் போகிறது. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது பணி பனியாகவும், கணம் கனமாகவும் தெரியக்கூடும். கதை படிப்பவர் இடம் நோக்கித் திருத்திக்கொள்வார். மருந்துக் குறிப்பிலும், வங்கியிலிருந்து வரும் செய்தியிலும், ஒரு பெயரிலும் இடம் நோக்குவதற்கு இடமில்லை. ஓலை படித்த புலவர்க்கு இருந்த பொறுமையும் புலமையும், பேருந்துக்கு ஓடிக்கொண்டே செய்தி படிக்கும் ஒருவரிடம் எதிர்பார்க்கலாமா?

ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் புக்னரும் அவருடைய துணைவர்களும் இதனை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், இளைஞர், முதியவர் ஆகிய இருசாராரும் வெண்மையின்மேல் கரிய எழுத்தையே நுட்பமாகக் கண்டனர். பிழை திருத்தும் வேலையிலும் அதுவே மேம்பட்டு நின்றது. 2014ஆம் ஆண்டின் ஆய்வு, எழுத்தின் அளவு சிறுக்கச் சிறுக்க வெண்திரையின் நன்மை மிகுகிறது என்று காட்டியது. கைபேசி எழுத்துச் சிறியது. அதன் புள்ளி இன்னும் சிறியது. ஆகையால் இந்த முடிவு நமக்கு மிகவும் வேண்டியது.

அப்படியானால் கருந்திரையை ஒழித்துவிடலாமா? அதுவும் தவறாக முடியும். 1985ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக் கார்டன் லெக் என்பார், பார்வை குன்றியவர்கள் படிக்கும் முறையை ஆராய்ந்தார். கண்ணின் உள்ளே ஒளி செல்லும் பாதை கலங்கிப் புகைபடிந்தவர்கள், கருமையின்மேல் வெண்மையான எழுத்தையே விரைந்து படித்தார்கள். காரணம் எளிது. கலங்கிய கண்ணுக்குள் புகும் ஒளி நாற்புறமும் சிதறுகிறது. திரை முழுவதும் வெண்மையானால் அந்தச் சிதறல் எழுத்தையே மூடிவிடுகிறது. தவளக்குப்பத்தில் 2003ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரும் முதியோரை நினைத்துப் பாருங்கள். கண்புரை முற்றிய ஒருவருக்கு வெண்திரை என்பது முகத்துக்கு நேரே பிடித்த விளக்கு. இரவில் விளக்கணைத்த அறையில், பக்கத்தில் குழந்தை உறங்கும்போது ஒரு செய்தியைப் பார்க்க வேண்டிய தாய்க்கும் அப்படியே. பெரும்பாலோர்க்குப் பகலில் வெண்திரை நல்லது. சிலர்க்கு எப்போதும் கருந்திரை நல்லது. எல்லார்க்கும் சில வேளைகளில் கருந்திரை வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊரில் சித்திரை மாத நண்பகலில் கரும்புத் தோட்டத்து வரப்பின்மேல் ஒரு பெரியவர் கைபேசியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதில் என் முகம்தான் தெரிகிறது, எழுத்தொன்றும் தெரியவில்லையே" என்று பேரனிடம் கேட்டார். "தாத்தா, பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்கட்டும் என்று நான்தான் கருப்பாக மாற்றி வைத்தேன்" என்றான் பேரன். "பேட்டரி இருந்து என்ன செய்ய, படிக்க முடியாவிட்டால்?" என்றார் பெரியவர். நான் அருகில் நின்றேன். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கருந்திரை வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. வானத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதன் மெல்லிய எழுத்து எட்டுவதில்லை.

பேரன் சொன்ன பேட்டரிக் கணக்கும் பாதியே உண்மை. திரைகளில் இருவகை உண்டு. எல்.சி.டி. என்னும் வகையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எழுத்துக் கருப்பானாலும் வெளுப்பானாலும் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஓ.எல்.இ.டி. என்னும் வகையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே எரியும். கருமை என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள். இரண்டாம் வகையிலுங்கூட, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் அளந்து கண்டபடி, திரையின் ஒளியை முழு அளவில் வைத்தால் கருந்திரையால் சராசரி 39 முதல் 47 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும். ஒளியை 30 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் மிச்சம் 3 முதல் 9 விழுக்காடுதான். வீட்டுக்குள் பெரும்பாலோர் ஒளியைக் குறைத்தே வைத்திருக்கிறோம். முழு ஒளி வேண்டியிருப்பது வெயிலில். வெயிலிலோ கருந்திரை தெரிவதில்லை!

இனி, செயலி ஆக்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொல்வேன். வெண்திரையைச் செய்து முடித்துவிட்டு, வெள்ளையைக் கருப்பாகவும் கருப்பை வெள்ளையாகவும் திருப்பிப் போட்டால் கருந்திரை கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். நிறங்கள் அவ்வாறு கட்டுப்படுவதில்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியம் என்னும் அமைப்பு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளின்படி, இரு நிறங்களுள் ஒளிர்வு மிக்கதன் அளவோடு 0.05 கூட்டி, ஒளிர்வு குறைந்ததன் அளவோடும் 0.05 கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். திரைமேல் பட்டுத் திரும்பும் அறையொளிக்கு ஈடாகவே அந்த 0.05 சேர்க்கப்படுகிறது. வெண்மையின் அளவு 1, கருமையின் அளவு 0. ஆகவே 1.05ஐ 0.05ஆல் வகுத்தால் 21, இதுவே உச்சம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது தூய நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிர்வு 0.0722. வெள்ளையின்மேல் நீலத்துக்கு ஏறத்தாழ 8.6 கிடைக்கிறது, நன்று. கருப்பின்மேல் அதே நீலத்துக்கு 2.4தான்; தேர்ச்சி இல்லை. மஞ்சளுக்கு நேர்மாறு. கருப்பின்மேல் 19.6 பெறும் மஞ்சள், வெள்ளையின்மேல் 1.1 பெற்று மறைந்தே போகிறது. சிவப்பு இருபுறமும் நடுத்தர மாணவன்: வெள்ளையின்மேல் 4, கருப்பின்மேல் 5.25. ஆகையால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரு திரைகளிலும் தனித்தனியே தேர்வு வைத்தாக வேண்டும்.

உச்ச மதிப்பெண்தான் நல்லதென்றும் எண்ண வேண்டா. முற்றுங்கருமையின்மேல் முழுவெண்மை 21 பெறும். எழுத்து தடிக்கும் துன்பமும் அங்கேதான் மிகுதி. கூகுள் நிறுவனத்தார் தம் வடிவமைப்பு நெறிகளில், பின்புலத்துக்கு முழுக்கருமையை விடுத்து மிக அடர்ந்த சாம்பல் நிறத்தைப் பரிந்துரைத்தார்கள். அதன்மேல் வெண்மைக்குச் சற்றேறக்குறைய 18.7 கிடைக்கிறது. தமிழுக்கு நான் இன்னும் ஒரு படி மேலே செல்வேன். எழுத்தை வெண்மையிலிருந்து சிறிது மங்கச்செய்து, அதன் கனத்தை ஓர் இழை குறைத்து, வரிக்கும் வரிக்கும் இடையே சற்று வெளி விட்டால், புள்ளி தனித்து நிற்கும். எழுத்துருவைச் சிறிதாக்கி இடம் மிச்சம் பிடிக்கும் ஆசை கருந்திரையில் உதவாது.

நிறத்துக்குப் பெயரிடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளியில் ஓர் அறையின் வாயிலில் 'தலைமையாசிரியர்' என்று எழுதியிருக்கும். அதில் அமர்ந்திருப்பவர் பெயரை வாயிலில் எழுதியிருந்தால், ஒவ்வொருவர் ஓய்வு பெறும்போதும் பலகையை மாற்ற வேண்டும். அதுபோல், செயலிக்குள் 'கருப்பு', 'வெள்ளை' என்று நிறத்தின் பெயரை எழுதாமல், 'எழுத்தின் நிறம்', 'பின்புலத்தின் நிறம்', 'எச்சரிக்கையின் நிறம்' என்று பதவியின் பெயரை எழுதுங்கள். பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக அந்தப் பதவியில் அமரட்டும். இதனைச் செய்யாததன் விளைவை விக்கிப்பீடியாவிலே கண்டோம். அதன் இணையப் பக்கங்களுக்கு 2024ஆம் ஆண்டில் கருந்திரை வந்தது. பல்லாண்டுகளாகத் தொண்டர்கள் அட்டவணைகளையும் தகவற்பெட்டிகளையும் அமைத்தபோது, அழகுக்காகப் பின்புலத்தை இளநீலம் என்றோ இளமஞ்சள் என்றோ நேரே குறித்துவிட்டு, எழுத்தின் நிறத்தைக் குறியாமலே விட்டிருந்தார்கள். கருப்பாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. கருந்திரை வந்ததும் எழுத்து வெளுத்தது. பின்புலமோ இளநிறத்திலேயே நின்றது. வெளிறியதன்மேல் வெளிறிய எழுத்து! பக்கம் பக்கமாகத் தேடித் திருத்தும் வேலை பின்னர்த் தொண்டர்கள் தலையிலே விழுந்தது. 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் பங்குகொள்ளும் மாணவர்கள், பின்புலத்தைக் குறித்த இடத்தில் எழுத்தையும் சேர்த்தே குறிக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

மாற்றக்கூடாதவையும் உண்டு. நிழற்படத்தைத் திருப்பிப் போட்டால் மனித முகம் பேய்முகமாகும். கடைகளில் பணம் செலுத்தக் காட்டும் கியூ.ஆர். கட்டத்தை வெள்ளைக்குக் கருப்பாக மாற்றினால், சில கருவிகள் அதனைப் படிக்கவே மாட்டா. கருந்திரையிலும் அதனைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு, வெண்மையின்மேல் கருமையாகவே காட்ட வேண்டும். இன்னொரு தொல்லை: நள்ளிரவில் கருந்திரையாக வைத்திருக்கும் ஒருவர் செயலியைத் திறந்ததும், முதல் நொடியில் வெள்ளைத் திரை பளிச்சென்று அடித்து, பிறகு கருமையாகிறது. கண்ணுக்கு அது மின்னல் வெட்டு. பயனர் என்ன தேர்ந்திருக்கிறார் என்பதை முதலில் பார்த்து, பிறகு திரையை வரைந்தால் இது நேராது.

இந்திய அரசின் இணையத்தளங்கள் பலவற்றின் தலைப்பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் சிறு பொத்தான்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் முதன்முதலில் 2009ஆம் ஆண்டில் வந்தன; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்வழிச் செய்திகள் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பொத்தான் ஒருவருடைய உரிமை. அலங்காரமென்று அதனை எடுத்துவிடாதீர்கள். உங்கள் செயலியிலும் வெண்திரை, கருந்திரை, கைபேசியின் போக்கிலே விடுதல் ஆகிய மூன்றையும் வைத்து, ஒருமுறை தேர்ந்ததை மறவாமல் காத்துக்கொள்ளச் செய்யுங்கள். தேர்வு எங்கே இருக்கிறது என்பது பேரனுக்கு மட்டுமன்றித் தாத்தாவுக்கும் தெரிய வேண்டும்.

செயலி முடிந்ததும் குளிர்ந்த அறையில் உங்கள் கண்ணால் மட்டும் சோதித்து அமைதி அடையாதீர்கள். 'பல், பல, கல், கல, பணி, பனி, ஆணி, ஆனி' என்று ஒரு பட்டியலை அதில் எழுதுங்கள். நண்பகல் வெயிலில் வரப்பின்மேல் ஒருமுறை, மாலையில் ஓடும் பேருந்தில் ஒருமுறை, விளக்கணைத்த அறையில் ஒருமுறை என்று இரு திரைகளிலும் காட்டி, அறுபது கடந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் சொல்லைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.